அதே ராயல் புளூ, வேறு நீலம்: பேனா மையின் ஃபார்முலா ஏன் மாறுகிறது?

வேலூர் லாங் பஜாரில் ஒரு ராயல் புளூ பாட்டில் வாங்குகிறீர்கள். ஏழெட்டு மாதத்தில் தீர்ந்துபோகிறது. அதே கடை, அதே கம்பெனி, அதே லேபிள், இன்னொரு பாட்டில். வீட்டுக்கு வந்து எழுதினால் நிறம் வேறு மாதிரி இருக்கிறது. முன்பு லேசாக ஊதா கலந்திருந்த நீலம் இப்போது வெளிறிப்போயிருக்கிறது. இல்லையென்றால், முன்பு ஊறாத நோட்டில் இப்போது பின்பக்கம் வரைக்கும் ஊறுகிறது. யாரைக் கேட்டாலும் "டூப்ளிகேட்டா இருக்கும்", "தண்ணி கலந்துட்டாங்க" என்று உடனே பதில் வரும்.

போலிச் சரக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான நேரம் காரணம் அது இல்லை. இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: கம்பெனி ஃபார்முலாவை மாற்றியிருக்கலாம், பாட்டிலுக்குள் இருந்த மை வெயிலிலும் காலத்திலும் மாறியிருக்கலாம், அல்லது மை அப்படியே இருக்க, எழுதுகிற காகிதம் மாறியிருக்கலாம். மூன்றுக்கும் அடையாளங்கள் வேறு. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் மைக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மைக்குள் என்னதான் இருக்கிறது?

பெரும்பகுதி தண்ணீர். மீதி கொஞ்சத்தில்தான் எல்லா வேலையும் நடக்கிறது.

1. சாயம். நிறம் தருவது இது. ஒரே சாயமாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று சேர்ந்ததாகவும் இருக்கலாம்.
2. தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள், சோப்பின் குணம் உள்ளது. இது குறைந்தால் மை நிப்புக்கு இறங்காமல் அடம்பிடிக்கும். கூடினால் பேனா கக்கும், காகிதத்தில் ஊறும்.
3. கிளிசரின், கிளைக்கால் மாதிரி ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள். மூடியைத் திறந்து வைத்த பேனா கொஞ்ச நேரமாவது காயாமல் இருப்பது இதனால்.
4. பூஞ்சையும் பாக்டீரியாவும் வராமல் தடுக்கும் மருந்து.
5. அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் ஓர் அளவில் நிறுத்திவைக்கும் பொருட்கள்.

பாட்டிலில் 'ராயல் புளூ' என்று போட்டிருப்பது இந்த ஐந்தில் முதலாவதைப் பற்றி மட்டும்தான், அதுவும் அரைகுறையாக. அது ஒரு நிறத்துக்கு வைத்த பெயர். எந்தச் சாயம், எத்தனை கிராம் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. அதனால்தான் கேமல், பிரில், செல்பார்க், குவிங்க், பெலிக்கன் என்று ஐந்து கம்பெனி ராயல் புளூவை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஐந்தும் அண்ணன் தம்பி மாதிரி தெரியுமே தவிர இரட்டைப்பிள்ளை மாதிரி தெரியாது.

சாயம் வேறு, நிறமி வேறு

இதற்கு வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. வெள்ளைத் துணிக்கு அந்தக் காலத்தில் போட்ட நீலப் பொடியைத் தண்ணீரில் கலக்கி அப்படியே விட்டால் வாளியின் அடியில் வண்டலாகப் படியும். அது அல்ட்ராமரின், கரையாத நுண்துகள். இப்போது போடும் சொட்டு நீலம் அப்படிப் படியாது, அது தண்ணீரில் கரைந்த சாயம். முதலாவது நிறமி, இரண்டாவது சாயம்.

பேனா மைகளில் மிகப் பெரும்பாலானவை சாயம்தான். நிறமி மை என்றால் பிளாட்டினம் பிக்மென்ட் புளூ, செய்லரின் செய்போக்கு போன்றவை. துகளை மிக நுண்ணியதாக அரைத்து, படியாதபடி மிதக்கவைத்திருப்பார்கள். தண்ணீர் பட்டாலும் அழியாது, வெயிலுக்கும் தாங்கும். ஆனால் பேனாவுக்குள் காயவிட்டால் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கட்டையின் சந்துகளில் இறுகிவிடும், கழுவி எடுப்பது பெரும்பாடு. தினமும் எழுதுகிறவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

ராயல் புளூ ஏன் இவ்வளவு சுலபமாக அழிகிறது?

1856-ல் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருட்களை வைத்து முதல் செயற்கை ஊதாச் சாயத்தைச் செய்தார். அடுத்த சில வருடங்களிலேயே அனிலின் நீலம் வந்தது. அது தண்ணீரில் கரையாது. கந்தக அமிலத்தோடு வினைபுரியவைத்து அதைக் கரைய வைத்தார்கள். அந்தக் குடும்பத்துச் சாயம் ஒன்றுதான் இன்றைக்கும் ராயல் புளூ மைகளின் முதுகெலும்பு. சாயப் பட்டியலில் அதன் பெயர் ஆசிட் புளூ 93, மெத்தில் புளூ என்றும் சொல்வார்கள். ஆஸ்பத்திரி பேத்தாலஜி லேபில் திசுக்களில் உள்ள கொலாஜனை நீலமாகக் காட்டப் பயன்படும் அனிலின் புளூவிலும் இதே சாயம் இருக்கிறது.

இந்தச் சாயத்தின் மூலக்கூறில் நடுவில் ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி மூன்று வளையங்கள். மூன்று வளையங்களுக்கும் நடு அணுவுக்கும் இடையே எலக்ட்ரான்கள் தடையில்லாமல் ஓடும்வரை நீலம் தெரியும். காரமோ சல்ஃபைட் உப்போ வந்து அந்த நடு அணுவில் ஒட்டிக்கொண்டால் ஓட்டம் அறுந்துபோகும், நிறமும் போய்விடும். சாயம் காகிதத்தை விட்டு எங்கும் போகவில்லை, நிறமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மை அழிப்பான் பேனா செய்யும் வேலை இவ்வளவுதான்.

நேரில் பார்க்க ஆசையா? அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவை சோடா கரைத்து, ராயல் புளூவில் எழுதிக் காய்ந்த ஒரு வார்த்தையின் மேல் தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு விழுந்த வட்டத்துக்குள் மட்டும் நீலம் வெளிறும். வட்டத்துக்கு வெளியே இருக்கும் பாதி எழுத்து அப்படியே நிற்கும். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் பேனா கக்கி வந்த கறை, சோப்புப் போட்டுக் கசக்கினால் அநேகமாகப் போய்விடுவதும் இதே காரணத்தால்தான். பாட்டிலில் 'வாஷபிள்' என்று போடுவது இந்தக் குணத்தைத்தான்.

இதில் ஃபார்முலா பற்றி ஒரு முக்கியமான சேதி ஒளிந்திருக்கிறது. ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு ராயல் புளூ அழிய வேண்டும். அழியாவிட்டால் பள்ளிச் சந்தை போய்விடும். அதனால் பெலிக்கன் 4001, லாமி போன்றவற்றில் இந்தச் சாயத்தை விட்டு அவர்களால் தூரம் போக முடியாது. நம் ஊரில் பிள்ளைகள் தப்பை அடித்துவிட்டுத்தான் எழுதுவார்கள், அழிப்பான் வழக்கம் இல்லை. ஆக இங்கே செய்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேறு நீலச் சாயம் கொஞ்சம், ஊதா கொஞ்சம் என்று கலந்துகொள்ள இடம் அதிகம்.

பளிச்சென்று வானநீலமாகவோ மயில்கழுத்துப் பக்கமாகவோ இருக்கும் மைகளில் சாயம் வேறு. ஆசிட் புளூ 9 ஒன்று. பிரில்லியன்ட் புளூ என்ற பெயரில் தின்பண்டங்களிலும் போடுகிறார்களே, அதன் குடும்பம். இன்னொன்று செம்பு சேர்ந்த தாலோசயனின் வகை. இந்த இரண்டாவது வகை வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். ராயல் புளூ அந்த விஷயத்தில் ரொம்ப பலவீனம்.

புளூ-பிளாக்: பெயர் நின்றது, இரும்பு போனது

நீல மைகளில் உண்மையாகவே பெரிய மாற்றம் நடந்தது இங்கேதான். வடஆர்க்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் இதன் மூலப்பொருள் நம் தோல் ஷாப்களில் மூட்டை மூட்டையாக இறங்கிய சரக்கு: கடுக்காய்.

கடுக்காய், ஆவாரம்பட்டை இரண்டிலும் டானின் நிறைய உண்டு. தோலைப் பதப்படுத்துவது அந்த டானின்தான். பட்டை போட்டுப் பதனிட்ட ஈரத் தோலின்மேல் துருப்பிடித்த ஆணி பட்டால் அந்த இடத்தில் நீலங்கலந்த கறுப்புப் புள்ளி விழும், தேய்த்தாலும் போகாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் அந்த வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரும்பு அரிவாள்மணையில் நெல்லிக்காய் நறுக்கினால் காய் கறுப்பதும் இதே வினை. டானினோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு.

இதையே மை வேலையாகச் செய்வது பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த காளஹஸ்தியின் கலம்காரி. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அந்த ஊர் அங்கே போனது. துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். துரு இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து ஒரு கஷாயம் எடுப்பார்கள். மூங்கில் கலத்தால் அந்தக் கஷாயத்தைத் தொட்டுத் துணியில் கோடு போட்டால், போடும்போது வெளிறித் தெரிகிற கோடு கண்ணுக்கு முன்னாலேயே கறுத்துக்கொண்டு வரும். பேனா மையில் கஷாயத்துக்குப் பதிலாக அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட். கடுக்காய்க்குப் பதிலாக ஐரோப்பாவில் ஓக் மரத்து மாசிக்காய், அதாவது பூச்சியால் மரத்தில் வரும் முடிச்சு. மற்றபடி வேதியியல் ஒன்றே.

சரி, இதில் நீலம் எங்கே வந்தது? பாட்டிலுக்குள் இருக்கும்போது இரும்பு மைக்கு நிறம் கம்மி. காகிதத்தில் பட்டு, காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்த பிறகுதான் கறுக்கும், அதற்கு மணிக்கணக்கும் ஆகும், நாள்கணக்கும் ஆகும். எழுதும்போதே எழுத்து தெரிய வேண்டுமே என்று ஒரு நீலச் சாயத்தையும் கூடச் சேர்த்தார்கள். எழுதும்போது நீலம், மறுநாள் கறுப்பு. புளூ-பிளாக் என்ற பெயருக்கு அர்த்தம் அதுதான்: நீலமாக இறங்கிக் கறுப்பாக மாறும் மை. கருநீலம் என்பது பின்னால் வந்த அர்த்தம்.

அமெரிக்க அரசாங்கம் தன் அலுவலகங்களுக்கு வைத்திருந்த எழுத்து மை ஃபார்முலாவைப் பார்த்தால் கணக்குத் தெளிவாகும். ஒரு லிட்டருக்கு டானிக் அமிலம் 11.7 கிராம், காலிக் அமிலம் 3.8 கிராம், பெரஸ் சல்பேட் 15 கிராம், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 12.5 கிராம், கார்பாலிக் அமிலம் 1 கிராம், கரையும் நீலச் சாயம் 3.5 கிராம். இரும்பு பாட்டிலிலேயே கறுத்துப் படிந்துவிடாமல் இருக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம். பூஞ்சை வராமல் இருக்க கார்பாலிக். கடைசியில் இருக்கும் கரையும் நீலம் மேலே பார்த்த ராயல் புளூ சாயத்தின் குடும்பம்தான். இந்தப் பட்டியலிலிருந்து இரும்பையும் டானினையும் அமிலத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு ராயல் புளூ.

அப்படித்தான் பல கம்பெனிகள் எடுத்தன. அமிலம் ஸ்டீல் நிப்பை அரிக்கிறது, பாட்டிலில் வண்டல் கட்டுகிறது, பேனாவைக் கழுவாமல் விட்டால் அடைத்துக்கொள்கிறது, புகார் வருகிறது. இரும்பை எடுத்துவிட்டு, கருநீலமாகத் தெரியும்படி இரண்டு மூன்று சாயத்தைக் கலந்து, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். லாமியின் பாட்டில் புளூ-பிளாக்கில் 2010-களின் முற்பாதி வரை இரும்பு இருந்தது, பிறகு இல்லை. மாண்ட்பிளாங்க் மிட்நைட் புளூவுக்கும் அதே கதை. இரும்போடு இன்னும் கிடைப்பவை பிளாட்டினம் புளூ-பிளாக், டயமைனின் ரெஜிஸ்ட்ரார்ஸ் மை. பெலிக்கன் 4001 புளூ-பிளாக்கிலும் கொஞ்சம் உண்டு. நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் 0.1 சதவீத இரும்புள்ள மைக்குத் தனி விவரக்குறிப்பு, சாய மைக்குத் தனி விவரக்குறிப்பு என்று இரண்டாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினை கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் மறந்துபோய்விட்டது.

என் அபிப்பிராயத்தில் ராயல் புளூ ஒரு சாயல் கூடிக் குறைவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. புளூ-பிளாக்கிலிருந்து இரும்பை எடுத்துவிட்டு அதே பெயரில் விற்பதுதான் தவறு. முன்னதில் மாறுவது அழகு மட்டும். பின்னதில் எழுத்தின் ஆயுளே மாறுகிறது. இரும்பு மையில் எழுதிய பழைய பத்திரம் மழையில் நனைந்தாலும் எழுத்து சாம்பல் நிறத்திலாவது நிற்கும். 'இதுவும் புளூ-பிளாக்தானே' என்று நம்பிச் சாய மையில் எழுதியது நனைந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். இரும்பு இல்லை என்பதை லேபிளிலேயே பெரிதாகப் போட்டிருக்க வேண்டும்.

கம்பெனிகள் ஃபார்முலாவை மாற்றுவது எதனால்?

1. சாயம் கிடைக்காமல் போவது. உலகத்தில் சாயம் செய்கிறவர்களுக்கு மை கம்பெனி ஒரு சின்ன வாடிக்கையாளர். பெரிய வாடிக்கையாளர் நூலும் தோலும் காகிதமும். 'ஆசிட்' என்று பெயர் தொடங்கும் சாயங்கள் ராணிப்பேட்டைப் பக்கம் தோலுக்கு நிறம் ஏற்றப் போகும் அதே வகை. அந்தத் தொழில்களில் ஒரு சாயத்துக்குக் கிராக்கி குறைந்தால் செய்வதை நிறுத்திவிடுவார்கள். மை கம்பெனி வேறு சாயம் தேடித்தான் ஆக வேண்டும். நிறுத்தாவிட்டாலும் லாட்டுக்கு லாட் வித்தியாசம் வரும். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்கள் ஒரு பாவுக்கு வேண்டிய நூலை ஒரே லாட்டில் சாயம் போட்டு வாங்கப் பார்ப்பார்களே, அதே கவலைதான் இங்கேயும்.

2. பூஞ்சைத் தடுப்பு மருந்தை மாற்ற வேண்டிவருவது. பழைய மைகளைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும், அது பீனால், அதாவது கார்பாலிக். விஷத் தன்மைக்காக அதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். அடுத்து வந்த ஐசோதயசோலினோன் வகை மருந்துகள் தோல் அலர்ஜி தருகின்றன என்று ஐரோப்பாவில் கட்டுப்பாடு இறுகியது. 2013 செப்டம்பரிலிருந்து உயிர்க்கொல்லிப் பொருட்களுக்கான புதிய சட்டம். பிறகு 2020 மே முதல் அதில் ஒரு மருந்து 0.0015 சதவீதம் இருந்தாலே அலர்ஜி எச்சரிக்கை போட வேண்டும் என்று ஆனது. அப்படியென்றால் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது வேறு மருந்துக்குப் போக வேண்டும். மருந்து மாறினால் அமில அளவையும் சரிசெய்ய வேண்டிவரலாம், அமில அளவு மாறினால் சாயல் மாறும். 'நிறம் ஏன் மாறிற்று' என்ற கேள்விக்குப் பதில் சில நேரம் சாயத்தில் இல்லை, மருந்தில் இருக்கிறது.

3. கை மாறுவது. பார்க்கர் 1993-ல் ஜில்லெட்டுக்குப் போய், 2000-ல் நியூவெல்லுக்குப் போனது. வாட்டர்மேனும் கூடவே போனது. 1931-ல் பம்பாயில் தொடங்கிய கேம்லினில் 2011-ல் ஜப்பானின் கொக்குயோ பெரும்பங்கு வாங்கியது. கொல்கத்தாவின் சுலேகா 1980-களின் இறுதியில் மூடி 2006-ல் திரும்பத் திறந்தது. கை மாறினாலே ஃபார்முலா மாறிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய சாயக்காரர் அப்படியே காத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தொழிற்சாலை இடம் மாறினால் தண்ணீரிலிருந்தே எல்லாம் புதுசு.

4. பேனாவுக்காக மை மாறுவது. 1931-ல் பார்க்கர் கொண்டுவந்த குவிங்க், காற்றில் காய்வதற்குக் காத்திராமல் காகிதத்துக்குள் வேகமாக இறங்கிக் காயும் மை. 1941-ல் பார்க்கர் 51 பேனாவோடு அதற்கென்றே காரம் கூடிய ஒரு மையை விற்றார்கள். 1947-ல் அதன் அடுத்த வடிவமாக சூப்பர்குரோம் வந்தது, நிறம் பிரமாதம். ஆனால் பேனாவின் உள்பாகங்களையே அரித்தது. கடைசியில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

5. பெயர் மட்டும் மாறுவது. 2010-களின் தொடக்கத்தில் வாட்டர்மேன் ஃபுளோரிடா புளூ, செரினிட்டி புளூ ஆனது. புளூ-பிளாக், மிஸ்டீரியஸ் புளூ ஆனது. லேபிள் மாறினால் உள்ளே இருப்பதும் மாறியதாகத் தோன்றும். எதிர்ப்பக்கமும் உண்டு: லேபிள் மாறாததால் உள்ளே எதுவும் மாறவில்லை என்று நம்புவது.

மை மாறாமலேயே நீலம் மாறும்

ஃபார்முலாவைச் சந்தேகப்படுவதற்கு முன் இவற்றைத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

முதலில் வெயில். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கடை அலமாரியில் இரண்டு கத்திரி பார்த்த பாட்டிலில் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகியிருக்கும். தண்ணீர் போனால் சாயம் தங்கும், மை கெட்டியாகும், நீலம் அடர்ந்து காய்ந்த இடத்தில் செம்பு மினுமினுப்புகூடத் தெரியும். பழைய பாட்டிலின் அடர்ந்த நீலத்துக்குக் கண் பழகிவிட்டால் புது பாட்டில் 'தண்ணி கலந்த' மாதிரி தெரியும். உண்மையில் புதுசுதான் சரியான அளவு.

இரண்டாவது, நாமே ஊற்றும் தண்ணீர். கெட்டியான மையில் போர் தண்ணீரை ஊற்றக்கூடாது. பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சாயத்தோடு சேர்ந்து படிவு கட்டும், பேனா அடைக்கும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் போதும், அது காய்ச்சி வடித்த அல்லது உப்பு நீக்கிய தண்ணீர்.

மூன்றாவது காகிதம், இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பழைய காகிதத்தில் மை ஊறாமல் இருக்க ரோசினும் படிகாரமும் போட்டார்கள், அதனால் காகிதம் லேசான அமிலம். இப்போதைய காகிதத்தில் பெரும்பாலும் வேறு பசை, வெண்மைக்குக் கால்சியம் கார்பனேட். அதனால் லேசான காரம். ராயல் புளூ சாயத்துக்குக் காரம் ஆகாது என்று சலவை சோடாச் சொட்டிலேயே பார்த்தோம். ஆக பதினைந்து வருடத்துக்கு முந்தைய நோட்டில் இருக்கும் நீலத்தையும் இன்றைய நோட்டில் எழுதும் நீலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மையைக் குறை சொல்வது சரியான ஒப்பீடு இல்லை. பழைய நோட்டில் மீந்திருக்கும் காலித் தாளில் புது மையால் எழுதிப் பாருங்கள், அதுதான் ஒப்பீடு.

நிப்பும் ஒரு காரணம். மொட்டை நிப்பு அதிக மை இறக்கும், அடர்த்தியாகத் தெரியும்.

வீட்டிலேயே ஒப்பிட ஒரு முறை

1. பாட்டில் வாங்கிய அன்றே அடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். பேட்ச் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பழைய பாட்டில் தீர்வதற்கு முன் ஒரு ஃபில்லர் அளவு எடுத்துச் சின்ன மருந்துப் புட்டியில் மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஞாபகத்தில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிடுவது பிரயோஜனமில்லை.
3. ஒரே பேனா, ஒரே தாள். பேனாவைக் கழுவி முழுதாகக் காயவைத்த பிறகுதான் அடுத்த மை. எழுதியதை மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், எல்.இ.டி. பல்பின் கீழ் வேண்டாம்.
4. சாக்பீஸ் சோதனை. வெள்ளைச் சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் மையால் சுற்றிலும் ஒரு புள்ளி வளையம் வையுங்கள். ஒரு தட்டில் வளையத்துக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர் ஊற்றி நிறுத்திவையுங்கள். தண்ணீர் மேலே ஏறும்போது சாயங்களைப் பிரித்து இழுத்துக்கொண்டு போகும். பழைய மையில் ஒரே நீலப் பட்டையும், புது மையில் நீலத்துக்கு மேல் தனியாக ஓர் ஊதாவோ மயில் நீலமோ வந்தால் சாயக் கலவை மாறியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். பட்டைகள் ஒன்றாகவே இருந்து அடர்த்தி மட்டும் வேறானால் ஆவியானதைச் சந்தேகப்படுங்கள்.
5. தண்ணீர்ச் சொட்டு. எழுதி இரண்டு நாள் கழித்து ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிடம் விட்டு ஒற்றி எடுங்கள். புளூ-பிளாக் என்று போட்ட மையில் சாம்பல் கோடு மிஞ்சினால் இரும்போ நிறமியோ இருக்கிறது. ஒன்றும் மிஞ்சாவிட்டால் வெறும் சாயம்.
6. வெயில். எழுதிய தாளில் பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டி ஒரு மாதம் விடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ராயல் புளூ தாக்குப்பிடிக்காது, அட்டைக்கு வெளியே இருந்த பாதி வெளுத்துப்போகும்.

பழைய மை தீர்வதற்குள் புதியதை அதோடு கலந்துவிடாதீர்கள். ஒரே பெயராக இருந்தாலும் அமில அளவு வேறாக இருந்தால் வண்டல் கட்டலாம். வேறு வேறு கம்பெனி மை என்றால் இன்னும் ஜாக்கிரதை. நூட்லர்ஸ் பேஸ்டேட் புளூ மாதிரி மை வேறு மையோடு பேனாவுக்குள் சேர்ந்தால் கட்டிப்பட்டுவிடலாம். மேலே ஆடை கட்டியதோ, நூல் நூலாக எதுவும் மிதப்பதோ, புளித்த வாடை அடிப்பதோ தெரிந்தால் வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று நினைக்கக்கூடாது. அது பூஞ்சை. அந்த பாட்டிலையே தூக்கிப்போட வேண்டும்.

எந்த வேலைக்கு எந்த நீலம்?

பள்ளிக்கூடத்துக்கும் அன்றாடக் குறிப்புக்கும் சாதாரண ராயல் புளூ தாராளம். சட்டை தப்பிக்கும், பேனா கெடாது, விலையும் கம்மி. டைரி, குடும்பக் கணக்கு, பிள்ளைகள் பிறந்த நேரம் எழுதிவைக்கும் நோட்டு என்று பேரப்பிள்ளை காலம்வரை இருக்க வேண்டியவற்றுக்கு இரும்புள்ள புளூ-பிளாக் அல்லது நிறமி நீலம்.

செக் விஷயத்தில் நிறையக் குழப்பம். கறுப்பு மையில் செக் எழுதக்கூடாது என்று 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது, அது பொய். எந்த நிறத்தில் எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வரையறுக்கவே இல்லை. ஸ்கேன் செய்தால் தெளிவாகத் தெரியும் மையாக இருக்க வேண்டும், திருத்தி மோசடி செய்ய முடியாதபடி நிரந்தர மையாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. இதில் இரண்டாவது நிபந்தனையில் வாஷபிள் ராயல் புளூ தோற்றுப்போகிறது. ஒரு சொட்டு அழிப்பானில் தொகை மறைந்துவிடும், அதன்மேல் வேறு தொகை எழுதலாம், கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கும். செக்கிலும் வாடகை ஒப்பந்தத்திலும் பாண்டு பேப்பரிலும் 'வாஷபிள்' என்று லேபிளில் போட்ட எந்த மையும் வேண்டாம். புளூ-பிளாக் என்று போட்டிருப்பதை நம்பி எழுதுவதானாலும், முதலில் ஒரு வெற்றுத்தாளில் ஒரு வரி எழுதி, இரண்டு நாள் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.